அரிசிப் பொதியைத் திருப்பி அனுப்பிய அருட்தந்தை

துயரத்தோடு இந்த மேடையில் அமர்ந்திருக்கும் அருட்தந்தையர்களே, அருட்சகோதரிகளே, பசறை விகாரையிலிருந்து வந்திருக்கும் தேரர் அவர்களே, பள்ளிவாசல் நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் பர்ஹான் ஹாஜியார் அவர்களே, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வெள்ளைக்கல் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் பதுளைக்கு வந்திருக்கும் என் தாய்மார்களே, தோழர்களே!

எல்லோருக்கும் வணக்கம். முப்பது வருடம் தொழிற்சங்க மேடைகளில் கத்திய தொண்டை இது. ஒரு பங்குத்தந்தையின் படத்துக்கு முன்னால் நின்று பேசும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் எந்தக் கோயிலுக்கும் போகிறவன் அல்ல. அருட்தந்தை இன்னாசிமுத்து அடிகளார் எங்கள் பகுதிக்கு வந்த முதல் மாதமே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்: "பாதர், நீங்க தர்மம் குடுக்குற வரைக்கும் கம்பெனிக்குக் கவலயே இல்ல. பசிய ஆத்துறப்ப கோவத்தையும் சேத்து ஆத்திவிட்டுடுறீங்க."

அவர் சிரித்தார். "அப்ப உங்க புரட்சி வர்ற வரைக்கும் பட்டினியா இருக்கச் சொல்லவா, நல்லையா?"

நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறையில் பிறந்தவர் அவர். பசியைக் குருமடத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல.

கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகை வந்தால் தோட்டக் கம்பெனி ஆலயத்துக்கு அரிசிப் பொதிகள் அனுப்பும். அடிகளார் மதம் பார்க்காமல் லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். மூன்று வருடங்களுக்கு முன், கொழுந்து பறிக்கும் இராக்கம்மா அக்கா அந்தப் பொதியைக் கையில் வாங்கவில்லை.

"ஏம்மா, என் மேல கோவமா?"

"உங்க மேல என்னங்க சாமி கோவம்? ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோவக் கூட்டிட்டாங்க. தராசுலயும் வெட்டுறாங்க. ஒரு கிலோ கொறஞ்சாலும் அரைப்பேருதான், பாதி நாள் சம்பளம். நான் முழு நாளும் மலையில நின்னேங்க. எங்ககிட்ட எடுத்ததத்தானே பொதியா கட்டி உங்க கையில குடுத்து விடுறாங்க?"

இதையே நான் எத்தனை கூட்டங்களில் முழங்கியிருப்பேன்! ஆனால் அந்த அம்மாளின் ஒரு கேள்வியில் அவர் முகம் வாடியதைப்போல் நான் என்றும் கண்டதில்லை. மீதிப் பொதிகளை அவர் கொடுக்கவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கே போனார். என்னையும் கூட்டிப் போனார்.

துரை கெட்டவர் அல்ல. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர். "லாபம் வந்தாத்தானே பாதர் தர்மம் செய்யலாம்? நட்டத்துல ஓடுற கம்பெனி யாருக்குக் குடுக்கும்?" என்றார்.

"லாபம் எடுக்கிறது பாவம்னு சொல்ல நான் வரலீங்க. வேல செஞ்சவங்களுக்கு உரியத முதல்ல குடுங்க. அதுக்கு மேல உங்க கையால குடுக்கிறதுதான் தர்மம். இது தர்மம் இல்ல, அவங்க சாமான்."

பிறகு என்ன நடந்தது? ஆலய வளவில் கம்பெனி கட்டித் தருவதாகச் சொன்ன முன்பள்ளி அத்திவாரத்தோடு நின்றது. இன்றும் அதில் புல் முளைத்துக் கிடக்கிறது. பங்கு மக்களிலேயே சிலர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். கம்யூனிஸ்ட் சாமி என்று பெயர் வைத்தார்கள். நானோ, "ஆள் நம்ம பக்கம் வந்துட்டாரு" என்று தோழர்களிடம் மார்தட்டினேன். எவ்வளவு தவறாகப் புரிந்துகொண்டேன்!

அடுத்த வருடம் அரைப்பேருக்கு எதிராக வேலைநிறுத்தம். பத்தொன்பது நாட்கள். ஆலய மண்டபத்தில் பொதுச் சமையல். விறகு சுமந்தவர் அவர். ஏழாம் நாள் விஜயலெட்சுமி என்ற சகோதரி மட்டும் மலைக்கு வேலைக்குப் போனார். கணவர் இல்லை, மகளுக்குச் சிறுநீரக நோய். எல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அவரைக் காட்டிக்கொடுத்தவள் என்று சங்கத்திலிருந்து நீக்கினோம். சம்பளம் மாதம் முடிந்துதான் வரும். அதுவரை? பதினோராம் நாள் தட்டோடு எங்கள் வரிசையில் வந்து நின்றார். கரண்டி பிடித்திருந்தவன் நான்.

"வேலைக்குப் போனவங்களுக்கு இங்க சோறு இல்ல" என்றேன்.

வெறுந்தட்டோடு திரும்பிப் போனார்.

அடிகளார் என்னைத் திட்டினாரா? இல்லை. தன் தட்டுச் சோற்றை எடுத்துக்கொண்டு அந்த லயத்துக்கு நடந்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முன்பள்ளிய நிறுத்துன துரையும் ஆளப் பாத்துத்தான் குடுத்தாரு. நீங்களும் ஆளப் பாத்துக் குடுக்குறீங்க. என்ன வித்தியாசம்னு சொல்லுங்க நல்லையா, கேட்டுக்கிறேன்."

"அவ நம்ம முதுகுல குத்துனவ, பாதர்."

"ஆமா. பசியும் இருக்கே அவளுக்கு."

நான் எழுந்து கரண்டியைக் கழுவப் போனேன்.

கிறிஸ்தவம் சொல்லும் அன்பு சோசலிசத்தோடு ஒத்துப்போகுமா, முதலாளித்துவத்தோடு ஒத்துப்போகுமா என்று அவரோடு வாதாடாதவர்கள் இந்தச் சபையில் யார்? அவர் நடுவில் நழுவினாரா? இல்லை! அரைப்பேர் அநியாயம் என்று துரையின் வாசலில் நின்றே சொன்னார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நாள் கணக்காக நின்று தராசைக் கண்ணால் பார்த்தார். வேலைநிறுத்தத்தின் முடிவில் தொடங்கி இன்னும் இழுபடும் தொழில் அலுவலக விசாரணையில் எங்கள் முதல் சாட்சியாக அவர்தான் பேச இருந்தார். ஆனால் நியாயம் கேட்கிற எங்களுக்குள்ளும் ஒரு துரை உட்கார்ந்திருக்கிறான் என்பதை எனக்குக் காட்டியவரும் அவர்தான்.

சென்ற மாத மழையில் மண் சரிந்து கீழ் லயம் புதைந்தபோது, ஐந்து நாட்கள் சேற்றில் நின்று சனங்களை மீட்டார். ஆறாம் நாள் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"விஜயலெட்சுமிய சங்கத்துல திரும்பச் சேத்தாச்சா?"

"இன்னும் இல்ல பாதர். கமிட்டி கூடணும்."

"கூட்டுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு நாளில் போய்விட்டார். அதுவரை நான் கமிட்டியைக் கூட்டவில்லை! எப்படிச் சொல்வேன் இந்த வெட்கத்தை?

நேற்றுத்தான் கமிட்டி கூடி அவரைச் சங்கத்தில் திரும்பச் சேர்த்தது. விஜயலெட்சுமி தங்கச்சியின் வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே மன்னிக்கவில்லை.

"நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கு மறக்காதுண்ணே. அது இருக்கட்டும். புதன்கெழம விசாரணைக்கு சாமிதானே சாட்சி? இப்ப யாரு சொல்லுவா?"

"யாரும் இல்ல தங்கச்சி" என்றேன்.

"ஸ்ட்ரைக் நேரம் மடுவத்துல நின்னவ நான் ஒருத்திதான். தராசு காட்டுனது ஒன்னு, அவங்க சொன்னது ஒன்னு. நான் வந்து சொல்றேன்."

"வேல போயிருமே தங்கச்சி."

"போகும்னு தெரியுங்கண்ணே."

சபையோரே! அரைப்பேர் ஒழியும் வரை நாங்கள் ஓயப்போவதில்லை. தட்டோடு வருகிறவரை நீ எந்தப் பக்கம் என்று இனி எங்கள் சமையலில் யாரும் கேட்கப்போவதுமில்லை. அடிகளாரே, உங்கள் படத்தின் முன் நாங்கள் தரும் வாக்கு இது.

இப்போது அவருக்காக மௌனமாக எழுந்து நிற்போம். புதன்கிழமை விசாரணைக்குப் போகும் காலை ஆறரை பஸ்ஸில் அந்தத் தங்கச்சி தனியாக ஏறக்கூடாது.