ஜன்னலோரக் கட்டில்

– சுத்தியலைக் கீழ வையுங்க மாப்ள. ஒரு கல்லைப் பேர்த்தாச்சுல்ல, போதும்.

– ஒண்ணுல என்ன தெரியும் மச்சான்? ஜன்னலுக்குக் கீழ இந்த வரிசை முழுக்க எடுக்கணும். தள்ளி நில்லுங்க, கால்ல விழப்போகுது.

– இந்தச் சுவருக்குக் கல் ஒட்டி மூணு வருஷம்கூட ஆகல. தெருவுல போறவன்லாம் நின்னு பார்த்துட்டுப் போவான்.

– பார்க்க லட்சணமாத்தான் இருக்கு, யாரு இல்லேன்னா? இந்தாங்க, உள்ள கையை விடுங்க.

– ஈரமா இருக்கே.

– இந்த ஊர் வீடெல்லாம் மரச்சுவர்தானே, இது கல்லுக்குப் பின்னாடி இருக்கிற பலகை. கொஞ்சம் கிள்ளி எடுங்க.

– பலகையா இது? ஊறின ரொட்டி மாதிரி கையோட வருது.

– மோந்து பாருங்க.

– எதுக்கு?

– பாருங்க மச்சான். என்ன வாசனை அது?

– அப்பா ரூம் வாசனை.

– ம். அதாவது, கல்லும் காரையும் தண்ணியை நிறுத்தாது, உறிஞ்சும். நிறுத்தறதுக்குத்தான் பின்னாடி தார் பேப்பர் அடிக்கிறது. மேல் தாள் கீழ்த் தாளுக்கு மேல ஏறி உக்காரணும், ஓடு வேயற மாதிரி. இங்க கல் ஒட்டினவன் தலைகீழா அடிச்சிருக்கான். ஜன்னல்ல இறங்கற தண்ணியைக் கையைப் பிடிச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கு.

– அவனைச் சும்மா விடமாட்டேன்.

– விடாதீங்க. ஆனா, கல்லை மண்ணு வரைக்கும் இறக்கினது யாரு? அடியில ஒரு சாண் விட்டிருந்தா, உள்ள போன தண்ணி கொஞ்சமாவது வடிஞ்சிருக்கும்.

– அவன் விடணும்னுதான் சொன்னான். நான்தான்... பார்க்க அரை டவுசர் போட்ட மாதிரி இருக்கும்னு மூடச் சொன்னேன்.

– அப்போ தண்ணி எங்க போகும்? செடிக்குத் தண்ணி பீய்ச்சுற குழாய் விடியக்காலைல தானா ஓடுது. நேரா ஜன்னல் மேலதான் அடிக்குது. மாமா கட்டில் சுவரை ஒட்டித்தானே கிடந்துது? திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி மெத்தை இழுத்திருக்கு.

– உங்களுக்கு எப்படி மாப்ள தோணுச்சு?

– ராத்திரி படுக்கையை நனைக்கிறார்னு மாமாவை எங்க வீட்டுக்கு அனுப்பினீங்கல்ல, அன்னிலேருந்து உங்க தங்கச்சி தினமும் காலைல மெத்தையைத் தொட்டுப் பார்ப்பா. ஒரு நாளும் நனையல. உடம்பு தேறிடுச்சுன்னு நினைச்சோம். போன வாரம் இங்க வந்தேன். ஆளில்லாத ரூம்ல அதே நாத்தம். அப்போதான் பொறி தட்டுச்சு.

– எனக்கும் அந்த நாத்தம் வந்துது. மெத்தையைத் தூக்கிப் போட்டும் போகல. தரை வரைக்கும் ஊறியிருக்கு பாருன்னு, இங்க இல்லாத மனுஷனைத் திட்டினேன்.

– சரி, விடுங்க.

– உங்களுக்குத் தெரியாது மாப்ள. ஆபீஸ்காரங்க சாப்பிட வந்திருந்தாங்க. அப்பா பக்கத்துல வந்து உக்காந்தார். எல்லார் முன்னாடியும், 'போய்த் துணியை மாத்திட்டு வாங்க'ன்னேன். துணி காஞ்சுதான் இருந்துச்சு.

– மாமா என்ன சொன்னார்?

– எழுந்து போய் மாத்திட்டு வந்தார். அப்புறம் உக்காரவே இல்ல. சுவர் ஓரமா நின்னுக்கிட்டே இருந்தார்.

– 'நனைச்சது நான் இல்ல'ன்னு ஒரு தடவைகூடச் சொல்லலையா?

– முதல்ல சொன்னார். 'எனக்கு அப்படித் தெரியலையேப்பா'ன்னார். மெத்தையைத் தூக்கிக் காட்டினேன். அதோட சரி. அவரே நம்பிட்டார்.

– போன் பண்ணுங்க.

– நீங்களே சொல்லிடுங்க. எனக்கு என்ன மூஞ்சி இருக்கு?

– திட்டினது உங்க வாய் மச்சான். இதையும் அதுதான் சொல்லணும். இந்தாங்க, ரிங் போகுது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

– யாரு, மாப்பிள்ளையா? சொல்லுங்க.

– அப்பா, நான்தான்.

– நீயாப்பா. சாப்பிட்டியா? குழந்தைங்க நல்லா இருக்கா?

– நல்லா இருக்காங்கப்பா. உங்க ரூம் சுவரை உடைச்சோம். கல்லுக்குப் பின்னாடி பூரா தண்ணி. அதுலதான் மெத்தை நனைஞ்சிருக்கு. நீங்க இல்லப்பா. ஒரு நாளும் நீங்க இல்ல... அப்பா? கேக்குதா?

– கேக்குது. நல்லாத் தெரியுமா?

– நான் கண்ணால பார்த்தேன் மாமா. கையில பலகை இருக்கு.

– சரி மாப்பிள்ளை. சரி. மழைக்குள்ள பூசிடச் சொல்லுங்க.

– என்னை ஏதாவது சொல்லுங்கப்பா. திட்டவாவது செய்யுங்க.

– உன்னை என்னத்தச் சொல்றது. பார்த்ததைத்தானே நீயும் சொன்னே. ஆனா ஒண்ணு கேக்கணும்.

– கேளுங்கப்பா.

– இனிமே பொழுது சாஞ்சப்புறம் நான் தண்ணி குடிக்கலாமாப்பா?