பெரிய தூம்பாவின் கனம்

..."விசுவசிக்கிறேன்"னு விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது இந்தக் கோயில் கூரையே அதிருதுய்யா. நல்லாத்தான் சொல்றீங்க. பிரசங்கம் வைக்க வந்த நான் அதுல குத்தமே சொல்லல.

ஆனா எனக்கு ஒரு கதை ஞாபகம் வருது. சின்னதுதான், சொல்லிடறேன். அம்மா, அந்தக் கைக்குழந்தையை வெளியில தூக்கிட்டுப் போகாதீங்க, இருக்கட்டும். இந்தக் கதையில பயப்பட வேண்டியது பெரியவங்கதான்.

ஊர் பேரு கேக்காதீங்க. சொன்னா நாளைக்கே போன் போட்டு சண்டைக்கு வருவாங்க. அந்த ஊர்க் கோயில்ல ரெண்டு தூம்பா. தூம்பா தெரியும்ல? செத்தவங்களை வச்சுக் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போற மரப்பெட்டி. பெரிய தூம்பா மேலத்தெருவுக்கு, சின்னது காலனிக்கு. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையில இருந்து ஆண்டவரோட மரச் சுரூபத்தை இறக்கி, பவனி தூக்கிட்டுப் போறதும் அந்தப் பெரிய தூம்பாவுலதான்.

பெரிய வாரம் புதன்கிழமை... காலனியில ரொசலின்னு ஒரு அம்மா செத்துப் போச்சு. வெளியில நல்ல மழை. சின்னத் தூம்பாவை எடுத்துப் பார்த்தா கறையான் அரிச்சு அடிப்பலகையே இல்ல. அந்த அம்மா மகன் அமலதாஸ், நனைஞ்சுக்கிட்டே நாட்டாமை சவரிராயன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான்.

"ஐயா, அம்மாவை மழையில வெறுங்கட்டில்ல கொண்டு போகணுங்கய்யா. அந்தப் பெரிய தூம்பாவைக் கொஞ்ச நேரம் குடுங்கய்யா. தொடைச்சுக் கொண்டாந்து வச்சிடறேன்."

நாட்டாமை என்ன சொன்னாரு தெரியுமா? கோபமே படல. ரொம்பப் பாசமாச் சொன்னாரு.

"ஏப்பா, நாம எல்லாரும் ஆண்டவரோட பிள்ளைங்கதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா... தூம்பா வேறப்பா."

பங்குச் சாமியார்கிட்ட ஓடினான். சாமி பாவம், நல்லவரு. "ஊர் வழக்கத்துல நான் எப்படிப்பா தலையிடுறது?"ன்னுட்டாரு. பெத்த தாயைக் கயித்துக் கட்டில்ல போட்டு, மேல ஒரு தார்ப்பாயை மூடி, மழையோட மழையாத் தூக்கிட்டுப் போனான்யா. வயிறு எரியுது எனக்கு!

வெள்ளிக்கிழமை வந்துச்சு. சாயங்காலம். கோயில் நெறைய கூட்டம். சுரூபத்தை இறக்கிட்டாங்க. பெரிய தூம்பா மூடியைத் தொறந்தாங்க...

உள்ள விரிச்சிருந்த வெல்வெட்டு மெத்தை அமுங்கிக் கெடக்கு. தலை இருந்த எடம், தோள் இருந்த எடம், கால் மடக்கின எடம்... ஒரு ஆள் படுத்து எந்திரிச்ச மாதிரி. தொட்டுப் பார்த்தா ஈரம்.

"மழை ஒழுகியிருக்கும்"னாரு மணியடிக்கிற கோயில்பிள்ளை. எல்லாரும் அண்ணாந்து பார்த்தாங்க. மேல காங்கிரீட்டு, சொட்டு ஈரமில்ல.

சுரூபத்தை அதுமேலயே வச்சு மூடிட்டாங்க. மேலத்தெரு ஆளுங்க எட்டுப் பேரு தோள் குடுத்தாங்க. தூம்பா அசையல.

"என்னடா, சாப்பிடலையா?"ன்னாரு நாட்டாமை.

"ஒருசந்தி நோன்புங்க ஐயா... ஆனா அது இல்லய்யா. உள்ள ரெண்டு பேரு இருக்கிற கனம் கனக்குது."

"வெலகுடா!"ன்னு நாட்டாமையே குனிஞ்சு தோளை வச்சாரு. வச்சவரு அப்படியே நின்னுட்டாரு. ஏன்? பலகைக்கு அந்தப் பக்கம், காதுக்குப் பக்கத்துல... ஒரு பொம்பளை மூச்சு வாங்குற சத்தம். மெதுவா... மெதுவா...

அப்பவாவது முழங்கால் போட்டிருக்கணுமா இல்லையா? முகத்தைத் தொடைச்சுக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "காலனிப் பசங்களைக் கூப்பிடுடா."

பாத்தீங்களா? அவங்க அதுல படுக்கக் கூடாது... தூக்கலாம்!

அமலதாஸும் அவன் கூட்டாளிங்களும் வந்தாங்க. தோள் குடுத்தாங்க. கைப்பிள்ளையைத் தூக்குற மாதிரி எந்திரிச்சு வந்துச்சு தூம்பா. அமலதாஸ் வாயில இருந்து ஒரே வார்த்தைதான் வந்துச்சு. "அம்மா..."

பவனி கெளம்பி முச்சந்திக்கு வந்தாச்சு. எப்பவும் வலது பக்கம் திரும்பி மேலத்தெரு போகணும். தூம்பா நேரா காலனிக்குப் போகுது.

"டேய்! திருப்புடா!"

"நான் போகலய்யா... அதுவா இழுத்துக்கிட்டுப் போகுது."

பாட்டு நின்னுச்சு. மேளம் நின்னுச்சு. சிலுவை பிடிச்சவன் நின்னுட்டான், சாமியாரும் நின்னுட்டாரு. கையில மெழுகுவத்தியோட ஊரே முச்சந்தியில நிக்குது. ஆண்டவர் முன்னாடி போறாரு. பின்னால ஒருத்தராவது போனாங்களா? ஒருத்தர்? ...இல்ல. ஒருத்தர்கூட இல்ல.

காலனிக்குள்ள பொம்பளைங்க ஒப்பாரி கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுச்சு. அப்புறம் சட்டுனு அடங்கிடுச்சு. இருட்டுக்குள்ள இருந்து தூம்பா திரும்பி வருது. முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், ரெண்டே பேரு. வெத்துக் கூடையைத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வர்றாங்க.

தொறந்து பார்த்தாங்க. மெத்தை காஞ்சு கெடக்கு. சுரூபம் பத்திரமா இருக்கு. நாட்டாமைக்கு அப்பத்தான் உசுரே வந்துச்சு. "அப்பாடா! ஆண்டவர் திரும்பி வந்துட்டாருப்பா!"ன்னாரு. உடனே தீர்த்தம் கொண்டாரச் சொல்லி, அவனுங்க தோள் பட்ட எடத்தையெல்லாம் கழுவச் சொன்னாரு.



அன்பானவங்களே, ஆண்டவரா திரும்பி வந்தாரு? வந்தது மரம்யா! செஞ்ச மரமும் பூசின பெயிண்டும் வந்துச்சு. அவர் காலனியில எறங்கின எடத்துலயே இருந்துட்டாரு, தூம்பா கிடைக்காத அந்தத் தாயோட. அந்த ஊர்ல இன்னும் பூசை நடக்குது, கொடி ஏறுது, கூரை அதிர விசுவாசப் பிரமாணம் சொல்றாங்க. யார்கிட்ட சொல்றாங்க?

உங்க ஊர்லயும் ரெண்டு தூம்பா இருக்கு. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல செவரு இருக்கு. வரும்போது பார்த்துட்டுத்தான் வந்தேன். நாளன்னைக்கு பெரிய வெள்ளி. நீங்களும் தோள் குடுப்பீங்க. குடுக்கும்போது ஒரு நிமிஷம் நின்னு பாருங்க.

கனமா இருந்தா, பயப்படாதீங்க. அவர் இன்னும் உள்ளதான் இருக்காரு, கூட யாரையோ வச்சுக்கிட்டு இருக்காரு. போற வழியில போக விடுங்க.

லேசா இருந்தா... அப்பப் பயப்படுங்க.