மோத்தி உக்காந்தா மருந்து

அய்யோ, அந்த ஸ்டூல் வேண்டாம் டீச்சர், பசை கொட்டிக் கெடக்கு. உக்காந்தீகன்னா சேலையைக் கிளிச்சாத்தான் எந்திரிக்க முடியும். இந்தா, இந்தக் கட்டு மேல உக்காருங்க. ஒங்க பொஸ்தகந்தான், போன மாசத்து மிச்சம். ஒங்களுக்கு இல்லாத உரிமையா. நான் எந்திரிச்சு எடம் குடுக்கலைன்னு தப்பா நெனச்சுராதீக. மூட்டுவலியா? அதெல்லாம் இல்ல, கல்லு மாதிரி இருக்கேன். இன்னைக்கு எந்திரிக்கிற மாதிரி இல்ல, அம்புட்டுத்தான்.

பிரஸ் முதலாளி அண்ணாச்சி இப்பதைக்கு வரமாட்டாரு. ஒங்க கதையோட கடைசிப் பாரத்தை அச்சடிக்கிற பிளேட்டைக் காணோம்லா, தேடிக்கிட்டு அலையுதாரு. பாரம்னா... எளுதுறவுகளுக்கே தெரியாதா? பதினாறு பக்கம் சேந்தா ஒரு பாரம். ஒங்க நாவலு ஆறு பாரம். அஞ்சு அடிச்சாச்சு, நாங்க தாளை மடிச்சும் முடிச்சாச்சு. ஆறாவதை மெசின்ல மாட்டலாம்னு காலையில பாத்தா, பிளேட்டு மாயமாப் போச்சு. புதுசா எடுக்கலாந்தான். ஆனா காலண்டர் சீசன் பாருங்க, பிளேட்டு எடுக்குற கடையில சாமி படம் அம்புட்டும் வரிசையில நிக்குது. முருகனைத் தள்ளிவிட்டுட்டு ஒங்க கதாநாயகன் மேஜரை உள்ள விடுவானா? ரெண்டு நாளாவது ஆகும்.

நீங்க அட்டைக்குக் கலர் பாக்க வந்த எடத்துல இப்படி மாட்டிக்கிட்டீக. பன்னீர் சோடா சொல்லவா? வேண்டாமா. சரி. எனக்கு ஒரு வகையில நல்லதாப் போச்சு, ஒங்ககூட தனியாப் பேசணும்னு கெடந்தேன். அட்டையில எளுதுனவரு மேஜர் ராஜபாண்டியன்னு போட்டு, இம்புட்டு மீசையோட ஒரு படமும் போட்டுட்டீக. நாங்க அம்புட்டுப் பேரும் நெசமாவே மேஜருன்னு நெனச்சிட்டோம். பாத்தா நீங்க மதுரையில கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவுக, பேரு ஞானசுந்தரி! கூட மடிக்கிறவளுக எங்கிட்ட, பாண்டிமீனா, உம் மேஜர் வந்திருக்காருடீன்னாளுக. நான் பவுடரெல்லாம் போட்டுட்டேன் டீச்சர்.

விசயத்துக்கு வாரேன். ஒங்க கதையால இந்தச் சிவகாசியில ஒரு கல்யாணம் நடக்கவும் செய்யலாம், கெட்டும் போகலாம். வெளையாட்டு இல்ல. யாரு கல்யாணமா? என் கல்யாணந்தான். வயசு மட்டும் கேட்றாதீக.

எங்க கேட்டுல வாச்மேன் நிக்காகள்ல, நெட்டையா, வெறைப்பா? ஒங்களுக்கு சல்யூட் அடிச்சாகளே, அவுகதான். பேரு இசக்கிப்பாண்டி, ஆனா பட்டாளத்தாருன்னாத்தான் ஊருக்குத் தெரியும். பட்டாளத்துல குண்டு மோந்து பாக்குற நாயை வச்சு வேலை பாத்தவுக. அந்த நாயி மோத்தி. ரெண்டு பேரும் ஒண்ணா ரிட்டயர் ஆகி ஒண்ணா ஊருக்கு வந்தாக. மோத்தி ஹிந்தி நாயி. நம்ம கத்துனா காதைக்கூட அசைக்காது, அவுக ஆவோன்னு மெல்லச் சொன்னாப் போதும், ஓடியாரும். அதுக்குப் பளக்கம் என்னன்னா, மருந்து வாசம் அடிச்சா கொலைக்காது, கடிக்காது, நேரா போயி அந்த ஆளு முன்னாடி உக்காந்துக்கிடும். உக்காந்தா ஒரு பிஸ்கட்டு. அப்படித்தான் பட்டாளத்துல பளக்கியிருக்காக.

இந்த மனுசன் மொதல்ல வேலைக்குச் சேந்தது எங்கங்கீக? வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டுல! சிரிக்காதீக, இன்னும் இருக்கு. உள்ள போற ஆளுக பீடி, தீப்பெட்டி கொண்டு போகாம மோத்தி பாத்துக்கிடும்னு கூட்டிட்டுப் போயிருக்காக. அங்கன மருந்து வாசம் இல்லாத ஆளு யாரு? சரவெடி கட்டுற பொம்பளை முன்னாடி உக்காந்துச்சு. போர்மேன் முன்னாடி உக்காந்துச்சு. லோடு ஏத்துற லாரி முன்னாடி, முதலாளி செருப்பு முன்னாடி, சுவத்துல மாட்டியிருந்த சாமி படம் முன்னாடியும் உக்காந்துச்சு. உக்காந்த எடத்துக்கெல்லாம் பிஸ்கட்டு குடுக்கணும்லா, இல்லைன்னா அது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடும். தீவாளி சீசன் முடியுறதுக்குள்ள வயிறு தரையில இளுக்க ஆரம்பிச்சிருச்சு. கம்பெனியில, அய்யா, நீங்களும் வேண்டாம் நாயும் வேண்டாம்னு கும்புட்டு அனுப்பிட்டாக.

பெறகுதான் இங்க வந்தாக. இங்க மை வாசமும் பசை வாசமுந்தான. மோத்தி நிம்மதியா மூச்சு விட்டுச்சு. யாரு முன்னாடியும் உக்காரல. நான் அப்ப அம்மாவுக்குக் காச்சல்னு லீவுல இருந்தேன். திரும்பி வந்த அன்னைக்கு, கேட்டுல கால் வைக்கேன், எங்கயோ படுத்துக் கெடந்த மோத்தி எந்திரிச்சு வந்து நேரா எம் முன்னாடி உக்காந்துருச்சு. உக்காந்து என்னையவே பாக்கு!

எங்க செக்சன்ல பொம்பளைக போட்ட கூப்பாடு இருக்கே. அந்த மாசந்தான் ஒங்க மொதக் கதையை மடிச்சு முடிச்சு, கடைக்கு அனுப்பியிருந்தோம். அதுல மேஜரோட நாய் டைகரு கதாநாயகியைக் கண்டுபிடிச்சு அவ முன்னாடி போயி உக்காரும்லா? ஏ மீனா, நாய் உக்காந்துருச்சுடீ, பொண்ணு நீதான்டீன்னு கொலவையே போட்டுட்டாளுக. பட்டாளத்தாருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. ஏங்க, ஒங்க பையில மருந்து இருக்கான்னு கேக்காக.

ஒங்க ஊருல மருந்துன்னா மாத்திரை. எங்க ஊருல மருந்துன்னா வெடிக்கிறது. பையில ஒண்ணும் இல்ல டீச்சர். அது எங்க அம்மா பஞ்சம்மா ஆனைக்குட்டத்துல இருந்து பட்டாசு வேலைக்குத் தூக்கிட்டுப் போன பை. எத்தனை தடவை தொவைச்சாலும் அந்த வாசம் போக மாட்டேங்கு. பையைக் கொட்டிப் பாத்தாக, தூக்குவாளியும் ஒங்க நாவலுந்தான் விளுந்துச்சு. அட்டையில பட்டாளத்துக்காரன், பக்கத்துல நாய். கையில எடுத்தவுக வைக்கல. அன்னைக்குப் புடிச்ச கிறுக்கு.

அதுல இருந்து ஒவ்வொரு மாசமும் பொஸ்தகம் வந்ததும் பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கி, மேஜரு என்ன செஞ்சாரோ அதை அப்படியே எங்கிட்ட செய்யுதாக. நான் மடிக்கும்போதே படிச்சிருவேன்லா? அடுத்த மாசம் என்ன நடக்கப்போகுதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். தெரியாத மாதிரி மூஞ்சியை வச்சுக்கிடுறதுதான் பெரிய பாடு.

கதையில டைகரு கைக்குட்டையைக் கவ்விட்டுப் போயி மேஜருகிட்ட குடுத்துச்சா? இங்க மோத்தி என் தூக்குவாளியைக் கவ்விட்டுப் போச்சு. அயிரைமீன் கொளம்பு! வாளி திரும்பி வரும்போது வெளக்கவே தேவையில்ல, அம்புட்டு சுத்தம். அவுக அதை நீட்டி, உங்கள் உடைமை பத்திரமாக இருக்கிறதுங்காக. பொஸ்தகத் தமிள்லயே பேசுதாக டீச்சர், தூத்துக்குடி ரேடியோ மாதிரி. நான் பட்டினி.

பெறகு வில்லன் கதாநாயகியைத் தொரத்துவான், மேஜரு வந்து காப்பாத்துவாருன்னு எளுதினீகள்ல? இவுகளுக்கு வில்லன் கெடைக்கல. டீக்கடை சோலைச்சாமியைக் கெஞ்சிக் கூத்தாடி எம் பின்னாடி சைக்கிள்ல வரச் சொல்லியிருக்காக. நான் தூக்குவாளியாலயே மண்டையில ஒண்ணு வச்சேன். கடைசியில பட்டாளத்தாரு காப்பாத்துனது சோலைச்சாமியைத்தான், நாலு தையல். தெரிஞ்சேதான் அடிச்சேன். என்ன செய்ய, அவன் விசிலு வேற அடிச்சான், அது ஒங்க கதையில இல்ல.

எல்லாத்துக்கும் மேல அந்த மருந்து வசனம். போர்க்களத்தில் பட்ட காயத்துக்கு நீயே மருந்துன்னு ஒரு வரி எளுதினீக பாருங்க. சாயந்தரம், பஸ் ஸ்டாப்பு, பட்டாசுக் கம்பெனி வேனு ரெண்டு அப்பத்தான் ஆளை எறக்கி விட்டிருக்கு. கூட்டத்துக்கு நடுவுல வந்து வெறைச்சு நின்னு, நீயே மருந்துன்னுட்டாக! சரியா அந்த நேரம் பாத்து மோத்தி எம் பை முன்னாடி உக்காந்துருச்சு. ஆமா மருந்துதான்னு சாட்சி சொன்ன மாதிரி. எங்க ஊருல ஒருத்தியைப் பாத்து மருந்துன்னா என்ன அர்த்தம்? பக்கத்துல வராத, வெடிச்சிருவான்னு அர்த்தம். ஒரு கெளவன், தம்பி தள்ளி நில்லுங்கங்காரு. பஸ் ஸ்டாப்பே உருண்டு பெரண்டு சிரிச்சுது. அவுக மட்டும் சிரிக்கல. அந்த மூஞ்சியைப் பாத்ததும் எனக்கும் சிரிப்பு நின்னுபோச்சு. எனக்கு அந்த ஆளை ரொம்பப் புடிச்சிருக்குன்னு அந்த நிமிசந்தான் தெரிஞ்சுது டீச்சர்.

நானே கேக்க வேண்டியதுதானங்கீகளா? கேட்டேனே. வெக்கத்தை விட்டு, நம்ம விசயம் என்னன்னு கேட்டேன். வெறைச்சு நின்னு, அடுத்த மாதம் தெரியும்ங்காக! ஒவ்வொரு கதை முடியும்போதும் மேஜரு வாயைத் தொறப்பாரு, டைகரு கொலைக்கும், முற்றும் போட்டுருவீக. அந்த மனுசன் இன்னும் கல்யாணப் பேச்சே எடுக்கலையே, பெறகு எங்க ஆளு மட்டும் எப்படி எடுப்பாரு?

அதுகூடப் பரவாயில்ல. இந்த மாசத்துக் கடைசிப் பாரத்துப் புரூப் தாளு இங்கன கெடந்துச்சு, படிச்சேன். என்ன டீச்சர் எளுதி வச்சிருக்கீக? டைகரைக் கதாநாயகி கையில குடுத்துட்டு, கடமை அழைக்கிறதுன்னு மேஜரு ரயில் ஏறிப் போயிருதாரு. இது என்ன ஞாயம்? எங்க பட்டாளத்தாரோட பளைய ஆபீசரு அசாம்ல ஏதோ தேயிலைத் தோட்டத்துக்குக் காவலுக்குக் கூப்புட்டிருக்காரு. இவுக என்ன பதில் சொல்லியிருக்காகன்னு தெரியுமா? இந்த மாசப் பொஸ்தகம் வரட்டும், பாத்துட்டுச் சொல்லுதேன்னு. நான் சோலைச்சாமி கடையில என் காதால கேட்டேன். இந்தப் பாரம் அச்சானா, விருதுநகர் ஜங்சன்ல அவுகளை ரயில் ஏத்திவிட்டுட்டு, பிஸ்கட்டும் கையுமா நானும் மோத்தியும் நிக்கணும். மோத்திக்கு ஹிந்தி வேற பேசணும்.

அதனால ஒரே ஒரு வரி மாத்துங்க டீச்சர். மேஜரு ரயில்ல ஏறக் காலைத் தூக்குதாரு, டைகரு குறுக்க போயி உக்காந்துக்கிடுது. அவரு திரும்பி, என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்காரு. அம்புட்டுத்தான். காயம் மருந்துன்னெல்லாம் வேண்டவே வேண்டாம். பேச்சுத் தமிள்லயே கேக்கட்டும். கேட்டதும் டைகரு கொலைக்கக் கூடாது, அதை முக்கியமாப் போடுங்க.

பிளேட்டுக்குச் செலவா? எப்படியும் புதுசுதான் எடுக்கணும். அதோட இதும்...

அய்யய்யோ. சத்தம் கேக்குதா? மோத்தி சங்கிலி. பிளேட்டைத் தேட அண்ணாச்சி நாயைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு போல. இந்த ஆளுக்கு எங்க இருந்து இந்த யோசனையெல்லாம் வருது! அதுக்குப் பிளேட்டு வாசம் தெரியாது டீச்சர், ஆனா எம் பை இங்கனதான இருக்கு, வந்தா எம் முன்னாடிதான் உக்காரும். ஏலே மோத்தி, அங்கிட்டுப் போலே... போச்சு. உக்காந்துட்டான்.

அண்ணாச்சி, அது பைக்கு உக்காருது அண்ணாச்சி! எப்பவும் உக்காருறதுதான! ஏங்க, நீங்களாவது சொல்லுங்க. பாருங்க டீச்சர், பட்டாளத்தாரு மூஞ்சிதான் செவக்குது.

இந்தாங்க பேனா, சீக்கிரம் எளுதுங்க. என்னைக் கட்டிக்கிறியா. ரெண்டே வார்த்தை. நீங்க எளுதி முடிக்காம நான் எந்திரிக்க மாட்டேன். பிளேட்டு எனக்குக் கீளதான் இருக்கு.