காஸ்பருக்குத் துப்பாக்கி பார்த்த கதை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று நம் துப்பாக்கிச் சங்கக் கொடியின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். கொடியில் பியர்க் கறை இருக்கிறது. அதனால் சத்தியத்துக்குப் பழுதில்லை.

தலைவி அம்மா, கமிட்டிக்காரர்களே, காஸ்பர் என் பக்கத்து வீட்டுக்காரன். ராணுவத்தில் இருவருக்கும் ஒரே கூடாரம். வருஷா வருஷம் போட்டியில் அவன் ராஜா, நான் இரண்டாவது. அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை. தூக்கம் வராது, அவ்வளவுதான்.

போன வசந்தத்தில் வந்தான்.

"டேய் அலோயிஸ், இடுப்பு போச்சுடா. அந்தப் பழைய துப்பாக்கி கன்னுக்குட்டி கனம் கனக்குது. புதுசு ஒண்ணு பாக்கணும். கூட வாயேன், ஒனக்குத்தான் நிதானம் ஜாஸ்தி."

ஆல்ட்டோர்ஃப் ஊர்த் துப்பாக்கிக் கடையில் பெண் பார்க்கப் போனவன்போல வெட்கப்பட்டான். எல்லாம் ராணுவ மாதிரி. விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு குண்டு. முதலாவதில் கன்னத்தை வைத்துப் பார்த்து, "நல்லாருக்கே" என்றான். தோள் வலிக்கும் என்றேன். இரண்டாவதில் பெரிய தொலைநோக்கி; நம் போட்டியில் விடமாட்டார்கள். மூன்றாவது, யாரோ சிப்பாய் விட்டுப்போனது. குறியை இடம் வலம் நகர்த்தும் குறிக்காட்டித் திருகு ஒரே விரலுக்கு வெண்ணெய் மாதிரி திரும்பியது.

"இதுதான்டா ஒனக்கு," என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் துப்பாக்கிகளை மரச் சட்டத்தில் சாய்த்து நிறுத்திவிட்டு எல்லோரும் பொரித்த சாசேஜுக்குப் போவோம். அடுத்தவன் துப்பாக்கியை நம் ஊரில் யாரும் தொடமாட்டார்கள், அடுத்தவன் பல் துலக்கியைத் தொடாததுபோல. ஆகவே காவலும் கிடையாது. நான் ஒரு நொடி பின்தங்கி, அவன் துப்பாக்கியின் திருகை வலப்பக்கம் ஒரு சொடக்கு திருப்புவேன். ஒன்றுதான். எனக்குப் பேராசை கிடையாது.

குண்டுகள் நடுவைவிட்டு நகர்ந்தன. பிறகு குறி அட்டையைவிட்டே நகர்ந்தன. டாக்டர் அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அவன் டாக்டரைச் சந்தேகித்தான். நம்மவர்கள் கண்ணைச் சந்தேகிப்பார்கள், பெண்டாட்டியைச் சந்தேகிப்பார்கள், ராணுவத் துப்பாக்கியை மட்டும் சந்தேகிக்கமாட்டார்கள்.

ஒருநாள் என்னைக் கேட்டான்: "அலோயிஸ், அந்தச் சரிவுல தெரியுறது பாறைதானே?"

பாறைதான். "மாடுடா," என்றேன்.

"பாறைன்னுல்ல நெனச்சேன்," என்று பெருமூச்சு விட்டான்.

அதற்குப் பிறகு அவன் கார் ஓட்டுவதில்லை. காரை நான் ஓட்டுகிறேன், நல்ல வண்டி. மாட்டுக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு மாடு எதற்கு என்று அவற்றையும் நானே வாங்கிக்கொண்டேன். சீட்டு தெரியவில்லை என்று ஆட்டத்திலிருந்து எழுந்துபோனான். அவன் மனைவி ட்ரூடிக்குச் சீட்டாடத் துணை வேண்டும். வியாழக்கிழமைகளில் நான் போகிறேன்.

போட்டியன்று அவன் என் இடப்பக்கம் படுத்திருந்தான். அதற்குள் திருகு நன்றாகவே திரும்பியிருந்தது. அவன் சுட்டதெல்லாம் அவன் அட்டையைத் தாண்டி என் அட்டையின் நெஞ்சில் போய் விழுந்தது. அவனுக்குப் பூஜ்யம். எனக்கு மாலை, கிரீடம், பாண்டு வாத்தியம். நான் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. சுடுவதுபோலவே மூச்சை அடக்கிக் கிடந்தேன், அந்த வயலோரக் குளிரில்.

இப்போது அவன் முதியோர் இல்லத்துக்குப் போகிறானாம். மூட்டை கட்டியாகிவிட்டது. நான் வாங்கிக்கொடுத்த வெள்ளைக் கோலை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகுகிறான். அதைப் பார்த்தபிறகுதான் இங்கே வந்தேன்.

ஆமாம், நான்தான். துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்ததும் நான், திருகியதும் நான். அவன் கண் கழுகுக் கண்.

"இத்தன நாள் வாய மூடிட்டிருந்துட்டு, இப்ப ஏன் சொல்றீங்க?" என்று தலைவி அம்மா கேட்கிறீர்கள்.

மனசு கேட்கவில்லை, அம்மா. நண்பன். அவனை இல்லத்துக்கு விடாதீர்கள். வண்டி, மாடு பற்றியெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அவன் மறுபடி ஒரு தரம் சுடட்டும், நம்பிக்கை தானாக வரும். திருகை இன்று காலையே நான் நேராக்கிவிட்டேன். வேறு யாரும் சிரமப்பட்டுச் சோதிக்க வேண்டியதில்லை. அவனிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், எனக்கு நெஞ்சு தாங்காது.

வரும் ஞாயிறு வட்டாரப் போட்டியில் யார் எங்கே படுத்துச் சுடுவது என்று சீட்டுக் குலுக்கிவிட்டார்கள். அவனுக்கு நான்கு, எனக்கு ஐந்து. மறுபடி என் இடப்பக்கம்தான்.