புதன்கிழமைகளில் என் கார்

எனக்கு வேகமாகக் கார் ஓட்டப் பிடிக்காது. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு. பினாங்கிலேயே மிக வேகமான காரை வைத்திருந்தவன் நான். ஆனால் என்னோடு அதில் உட்கார்ந்து வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாலத்தில் மீன் லாரிகள்கூட என்னை முந்திக்கொண்டு போகும். நான் கண் டாக்டர். என் கைகள் நிதானமாக இருக்க வேண்டும்.

அந்தக் காரை நான் வாங்கியது தொண்ணூற்றிரண்டில். இங்கிலாந்தில் ஒரு சிறிய கம்பெனி, இரவும் பகலும் ஓடும் நீண்ட பந்தயமொன்றில் எப்போதோ ஜெயித்த தன் காரின் நினைவாக ஐம்பது கார்கள் மட்டும் செய்தது. அதே கரும்பச்சை. கதவில் அதே வெள்ளை வட்டம், உள்ளே எண் மட்டும் எழுதியிருக்காது. வாங்குகிறவரின் உடம்புக்கு அளவெடுத்து சீட் செய்வார்கள். அந்த சீட் அசையாது. பெடல்களைத்தான் முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ள வேண்டும். கிளப்பில் இதையெல்லாம் நான் விளக்கினால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கார்களைப் பற்றி ஏதாவது சந்தேகம் என்றால், "சிவகுருநாதனைக் கேளுங்கள்" என்பார்கள்.

என் மனைவி யோகலட்சுமி அப்போது ஒன்றும் பேசமாட்டாள். அவளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பந்தயங்களில் கார் ஓட்டியவள். அவளுடைய அண்ணன் தம்பு, அறுபதுகளில் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் தெருப் பந்தயங்களில் ஓட்டியவர். தங்கைக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார். பெண்களுக்கான பந்தயத்தில் அவள் ஒரு வெள்ளிக் கோப்பை வாங்கியிருந்தாள். பெண் பார்க்கப் போனபோது அதைக் கண்ணாடி அலமாரியில் பார்த்தேன். இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் சரி என்றாள். இருபது வருஷத்துக்கும் மேலாக என் இடப்பக்கம் உட்கார்ந்து வந்தாள். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அவளுடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை லேசாக அழுத்தும். எப்போதும் எனக்கு முன்னதாகவே அழுத்தும். நான் அதைக் கவனித்திருக்கிறேன். சொன்னதில்லை.

கார் வந்து கொஞ்ச காலத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி உட்கார்ந்தபோது என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பெடல்கள் எனக்கு நெருக்கமாக வந்திருந்தன. மிகக் கொஞ்சம்தான். வேறு யாராக இருந்தாலும் தெரிந்திருக்காது. இறங்கி முன்பக்கம் பார்த்தேன். துடைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் விளக்கின் ஓரத்தில் சின்னப் பூச்சிகள் நசுங்கி ஒட்டியிருந்தன. நான் ஓட்டும் வேகத்தில் பூச்சிகள் சாவதில்லை.

முதலில் நான் சந்தேகப்பட்டது அர்ஜுனனை. ஜுருவில் பட்டறை வைத்திருப்பவன்; அந்தக் காரைத் தொட நான் அனுமதித்த ஒரே மெக்கானிக். அவன் என்னைவிடக் குள்ளம்; பெடல்களை நெருக்கமாக இழுத்துக்கொண்டால்தான் ஓட்ட முடியும். கூப்பிட்டு விசாரித்தேன்.

"வண்டிய யாராச்சும் எடுக்கிறாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும் டாக்டர்? ஆனா இஞ்சின் முன்னவிட நல்லா இருக்குலா. இந்த மாதிரி கெரெத்தா ஓடாம சும்மா நின்னாத்தான் கெட்டுப்போகும்."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எதையோ மறைக்கிறான் என்று தெரிந்தது. பிறகு என் சந்தேகம் யோகலட்சுமி மேல் திரும்பியது; அவளும் குள்ளம்தான். இருவரையும் சேர்த்து நினைத்துப் பார்த்தேன். பட்டறைக்காரன், வீட்டில் தனியாக இருக்கும் டாக்டர் மனைவி. எப்படிப் பேசி மன்னிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் மன்னித்திருப்பேன்.

புதன்கிழமை காலைகளில் எனக்கு ஆபரேஷன்கள் இருக்கும். மத்தியானம்வரை வரமாட்டேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு புதன்கிழமை எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுவிட்டு, தினமும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகும் பழைய காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சற்றுத் தள்ளி நின்றேன். கரும்பச்சைக் கார் வெளியே வந்து தெலுக் பாஹாங் பக்கம் திரும்பியது. என்னால் பின்தொடர முடியவில்லை. மலைப்பாதையில் ஏறிப் பாலிக் புலாவ் ஊர்வரைக்கும் போய் அதே வழியில் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டேன். எனவே மேட்டில் இருக்கும் நூர் பீவியின் பழக்கடையில் உட்கார்ந்து ஜாதிக்காய்ச் சாறு வாங்கிக் குடித்தேன்.

சத்தம்தான் முதலில் கேட்டது. அந்த இஞ்சினிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்பது எனக்குத் தெரியாது. பிறகு கார் வந்தது. உள்ளே யோகலட்சுமி மட்டும்தான் இருந்தாள். அர்ஜுனன் இல்லை, வேறு யாரும் இல்லை. தலைமுடியைத் துணியால் கட்டியிருந்தாள். வளைவுக்கு முன் ஒரு கணம் வேகம் குறைந்தது. பிறகு, தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல, கார் திரும்பிப் போய்விட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நூர் பீவி கடைக்குள்ளிருந்தே கை காட்டினாள். "புதன்கிழமை ஆனா அந்தம்மா வந்துருவாங்க. என்னா அழகா திருப்புறாங்க பாத்தீங்களா அண்ணே? ஆம்பளைங்களுக்குக்கூட வராது."

ஆமாம் என்று சொல்லி, சாற்றை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஒரு காதலன் இருந்திருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும், இன்ஸ்பெக்டர். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது மனிதர்களுக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. என் அளவுக்குச் செய்த சீட்டில், என் காரில், அவள் என் அனுமதி இல்லாமல் போய்வந்தாள். இது நம்பிக்கைத் துரோகம். நான் கோபப்படவில்லை. ஒரு பாடம் போதும் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிரேக் குழாயின் இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். காருடன் வந்த கருவிப் பெட்டியே போதுமானதாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் தேநீரோடு காத்திருந்தாள். உயிரோடுதான் இருந்தாள். நான் உட்கார்ந்ததும் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, அந்தக் காரை எடுக்காதையுங்கோ. பிரேக் பிடிக்கேல்லை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். "நான்தான் எடுத்தனான். கனநாளா எடுக்கிறன். இண்டைக்கு மலை இறக்கத்திலை பிரேக் போயிட்டுது. கியரிலையே இறக்கிக்கொண்டு வந்திட்டன். சொல்லக்கூடாது எண்டுதான் நினைச்சனான். ஆனா ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுத்தால்? உங்களாலை அதைக் கட்டுப்படுத்த ஏலாது. அதுதான் பயந்திட்டன்."

அவள் அழுதாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் உங்களாலை ஏலாது என்று அவள் சொன்ன விதம் இருக்கிறதே, அதில் குத்தலே இல்லை. இன்றைக்கு மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். எத்தனை வருஷமாக அது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று யோசித்தேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் ஒளித்து எடுக்க வேண்டும், கேட்டிருந்தால் தந்திருப்பேனே என்றேன். அர்ஜுனனை வரவழைத்துச் சரிசெய்கிறேன், அடுத்த புதன்கிழமை எல்லோரும் பார்க்கவே போ என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வாரத்தை நான் அவளுக்குக் கொடுத்தேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அர்ஜுனன் வந்து பிரேக்கைச் சரிசெய்தான். கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தான்.

"டாக்டர், இது தானா லூஸ் ஆகாது. யாரோ கை வச்சிருக்காங்க."

"போன தடவை அதைக் கழற்றிப் பூட்டியது யார்?"

அவன் குனிந்து அந்த இணைப்பை மறுபடியும் தொட்டுப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது. தான் சரியாக இறுக்கினோமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டான். நேர்மையானவர்களைச் சந்தேகிக்க வைப்பது சுலபம். தங்களைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். இப்போது உங்கள் லாக்கப்பில் அவன் தன் கவனக்குறைவு என்று அழுகிறான் என்றால், அதற்கு அதுதான் காரணம். அவனை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது தடவை ஸ்டியரிங். அது சக்கரத்தோடு சேரும் மூட்டில், திருகு கழலாமல் தடுக்கும் ஒரு சின்ன இரும்பு ஊசி இருக்கும். அதை உருவிவிட்டாலும் கார் வீட்டிலிருந்து ஒழுங்காகக் கிளம்பிப் போகும்; மலை வளைவுகளில்தான் மூட்டு கழலும். நேற்று என் ஆஸ்பத்திரி கோட்டுப் பையிலிருந்து நீங்கள் எடுத்தது அதைத்தான். ஏன் கடலில் வீசவில்லை என்று கேட்டீர்கள். அது அந்தக் காரின் அசல் பாகம். உலகத்தில் ஐம்பது கார்களில்தான் இருக்கிறது. வீச மனம் வரவில்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "நீங்களும் வாங்கோவன். பக்கத்திலை இருந்து பாருங்கோ" என்றாள். நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்றேன். கவனமாகப் போய் வா என்றும் சொன்னேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன்களைச் செய்தேன். எல்லாம் நன்றாகவே முடிந்தன. கை நடுங்கவில்லை. நர்ஸ் ரொஸ்னா ஃபோனைக் கொண்டுவந்து கொடுத்தபோது கடைசி நோயாளிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே, செய்தது நான்தான். இரண்டு தடவையும் நான்தான். பிரேக் போனதும் அவள் என்னிடம் வந்து சொன்ன பிறகும், தெரிந்தேதான் செய்தேன். இதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருப்பதில் கடைசிப் பத்தி ஒன்று இருக்கிறது. உங்கள் நிபுணர் சாலையில் டயர் தடங்களை அளந்து பார்த்துச் சொன்னதாம். ஒரு சக்கரம் ஸ்டியரிங்கிலிருந்து கழன்றுபோன பிறகும், எதிரே பாயான் பாரு தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த பஸ்ஸில் மோதாமல், அவள் பிரேக்கை மாறி மாறி அழுத்தியும் விட்டுமே காரைப் பாறைப் பக்கம் திருப்பியிருக்கிறாளாம். அப்படி ஒரு திறமையைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார். கொலை வழக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நாளைக்கு இது பத்திரிகையில் வரும். கிளப்பில் படிப்பார்கள். அந்தப் பத்தியை மட்டும் அடித்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர். எங்கள் வீட்டில் காரைப் பற்றித் தெரிந்தவன் நான்தான்.