பட்டன் ஸ்டார்ட் ஸ்கூட்டரை நான் எடுத்து வந்தது பற்றி

பெயர்: பரிபூரணம். வயது: முப்பத்தேழு. கணவர் பெயர்: பொன்னுராஜ். தொழில்: ஆசிரியை. இருப்பிடம்: ஸ்ரீவில்லிபுத்தூர், கீழரத வீதிக்குப் பின்புறச் சந்து. நாள்: 19.11.1992, வியாழக்கிழமை. இடம்: காவல் நிலையம்.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடனும் மாமியார் இசக்கியம்மாளுடனும் குடியிருந்து வருகிறேன். நான்கு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்ததில் என் வலது கால் சூம்பிவிட்டது. கம்பு ஊன்றாமல் நடப்பேன், ஆனால் அந்தக் காலால் எதையும் ஓங்கி மிதிக்க முடியாது. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளும்படி ஏட்டய்யாவிடம் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் என் பேரில் வந்திருக்கும் இந்தப் புகாரே அந்தக் காலில்தான் நிற்கிறது.

1988ஆம் வருடம் என்னை வத்திராயிருப்பு பக்கம் மகாராஜபுரத்தில் உள்ள தொடக்கப்பள்ளிக்கு மாற்றினார்கள். காலையில் உள்ள ஒரே தோதான பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் தொங்கும். ஒரு வருடம் அதில் போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பழைய மொபெட் ஒன்று வாங்கினேன். மொபெட்டை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை மிதித்தால்தான் இன்ஜின் ஓடும் என்பதால் காலையில் என் கணவர் மிதித்து விடுவார், சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருவார்கள். "டீச்சருக்கு ஒரு மிதி குடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஒருவர் எழுந்தால் பெஞ்சில் இருக்கிற மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும், மறுநாளும் அவர்கள் வர வேண்டும் அல்லவா.

1990 ஐப்பசியில் ஒருநாள் மழையில் கண்மாய்க் கரையில் வண்டி நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் நனைந்துகொண்டு நின்றேன். அதன் பிறகு சைக்கிளில் வந்த இரண்டு பேரில் ஒருவன் மிதித்துக் கொடுத்தான், கொடுத்துவிட்டு அதற்குக் கூலி போல என் இடுப்பைத் தொட்டுவிட்டுப் போனான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் இன்ஜினை அணைத்துவிடுவான் என்று பயந்தேன். அவனை எனக்கு அடையாளம் தெரியாது. அந்தச் சம்பவத்துக்கும் இந்தப் புகாருக்கும் சம்பந்தம் உண்டா என்று ஏட்டய்யா கேட்டதற்கு, உண்டு என்று சொன்னேன்.

அதன் பிறகுதான் கியர் இல்லாத, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிற ஸ்கூட்டர் வாங்குவது என்று முடிவு செய்தேன். மொபெட்டைப் போல இரண்டரை மடங்கு விலை. அந்தப் பணத்துக்கு ரெண்டு மொபெட் வாங்கலாமே என்று எங்கள் தலைமையாசிரியர் சொன்னார். ரெண்டு மொபெட் வாங்கினால் மிதிப்பதற்கு ரெண்டு ஆள் தேட வேண்டும் சார் என்று நான் சொன்னேன். சேமநல நிதியில் கடன் போட்டு வாங்கினேன். அதில் என் கணவர் பணமோ அவர் குடும்பத்தார் பணமோ ஒரு பைசா கிடையாது, சம்பளப் பிடித்தச் சீட்டு என் கைவசம் இருக்கிறது.

1991 ஜூன் மாதம் மதுரைக்குப் போய் வண்டி எடுக்க வேண்டிய அன்று பள்ளியில் இன்ஸ்பெக்ஷன் இருந்தபடியால் என் கணவர் போனார். திரும்பி வந்தபோது ஆர்.சி. புத்தகத்துக்கான பாரங்கள் எல்லாம் அவர் பெயரில் இருந்தன. கேட்டதற்கு, "ஒரே வீடு, யார் பேர்ல இருந்தா என்ன" என்றார். புது நோட்டு வாங்கினால் முதலில் உன் பெயரை எழுது என்று பதினாலு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அன்று வண்டி வந்த சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டேன்.

அந்த வண்டியில் குறை இல்லாமல் இல்லை. பெட்ரோல் நிறையக் குடிக்கும். சாமான் எது வேண்டுமானாலும் மதுரைக்குத்தான் போக வேண்டும். எங்கள் தெரு மெக்கானிக் ஜெய்னுலாப்தீன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது மாப்பிள்ள மாதிரி. வெளியில துடைச்சு வேணா விடுதேன், உள்ள கை வைக்கச் சொல்லாதீய" என்றார். ஆனால் முதல் நாள் பள்ளிக்குப் போகிற வழியில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நானே பட்டனை அழுத்தினேன். ஸ்டார்ட் ஆனது. மறுபடி அணைத்து மறுபடி அழுத்தினேன். காரணம் ஒன்றும் இல்லை. அப்படி மூன்று தடவை செய்துவிட்டு அழுதேன், அதன் பிறகு பள்ளிக்குப் போனேன்.

என் கணவரின் தம்பி சோலைராஜ் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஸ்டோர் கிளார்க். 1992 மே மாதம் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும் என்று வண்டியைக் கேட்டார். ஒருநாள்தானே என்று கொடுத்தேன். அதன் பிறகு அந்த இடமே முடிவாகி, ஆனி மாதம் நிச்சயத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். பெண்ணின் தகப்பனார் மாரிச்சாமி, ராஜபாளையத்தில் நாலு தறி போட்டு, ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற கட்டுத்துணி நெய்கிறவர். அவர் சபையில் எழுந்து, "மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டர் எடுத்துக் குடுக்கணும்னுதான் நெனச்சிருந்தோம். அவியகிட்டயே உசந்த வண்டி நிக்குது. அதனால அந்தப் பணத்துக்கும் பவுன் எடுத்துப் பிள்ள கழுத்துலயே போட்டு விடுதோம்" என்று சொன்னார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. என் வண்டியை வாசலில் நிறுத்தி அதைத் தன்னுடையது என்று சோலைராஜ் சொல்லியிருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மாமியார் என் தொடையில் கிள்ளி, "ஏட்டி, சபையில பேசாத" என்றார். நான் பேசவில்லை. இதில் நான் குற்றவாளிதான். அந்தப் பெண் செல்லக்கனி ரோஸ் கலர் பட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததை எதிரே இருந்து பார்த்துக்கொண்டே நான் பேசாமல் இருந்தேன். என் பேரில் வழக்குப் போடுவதானால் அதற்குப் போடலாம்.

04.09.1992 அன்று கல்யாணம் நடந்தது. 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்துக்கு வந்த சோலைராஜ், நான் அடுப்படியில் இருக்கும்போது என் கணவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு செல்லக்கனியைப் பின்னால் உட்காரவைத்து ராஜபாளையத்துக்குப் போய்விட்டார். மாமனார் வீட்டார் பார்வைக்கு ஒரு மூன்று மாதம் வண்டி அங்கே நிற்கட்டும் என்று சொன்னார்கள். அதன் பிறகு நான் மறுபடியும் பஸ்ஸில் போனேன். இந்த மழையில் பஸ் எப்போது வரும், வருமா என்பதே தெரியாது. இரண்டு மாதத்தில் மூன்று முறை தாமத மெமோ கொடுத்தார்கள். நாலாவது கொடுத்தால் சம்பள உயர்வை நிறுத்தச் சொல்லி மேலே எழுத வேண்டிவரும் என்று தலைமையாசிரியர் சொன்னார். அவர் என்மேல் உள்ள வருத்தத்தில் சொல்லவில்லை, முதல் பாடவேளையில் என் வகுப்புப் பிள்ளைகள் தினமும் ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது மெமோவை என் கணவரிடம் காட்டி வண்டியை வாங்கித் தரும்படி கேட்டேன். "இப்பப் போய்க் கேட்டா தம்பி மானம் போயிரும்" என்றார். என் வேலை போகாதா என்று கேட்டேன். "பழைய மொபெட்டு சும்மாதான நிக்கி. நான் மிதிச்சு விடுதேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெரிய உபகாரம் செய்கிறவர் முகத்தோடுதான் சொன்னார். பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதருக்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று அன்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

17.11.1992 செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பீரோவில் இருந்த இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ராஜபாளையம் போனேன். சுமார் பதினொரு மணிக்கு சோலைராஜ் வீட்டை அடைந்தேன். வண்டி வாசலில் இருந்தது, அதற்கு முன்னால் வரிசையாகத் தண்ணீர்க் குடங்கள் இருந்தன. செல்லக்கனி வெளியே வந்து, "வாங்கக்கா. அவிய மில்லுக்குப் போயிருக்காவ" என்றாள். வண்டியை எடுத்துப்போக வந்தேன் என்று சொன்னேன். "அவிய வண்டியவா?" என்றாள். நடந்ததை முழுவதும் சொன்னேன். நிச்சயத்தன்று நான் பேசாமல் இருந்ததையும் சொன்னேன்.

அவள் வண்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப எங்க அப்பாட்ட சொன்னது அம்புட்டும் பொய்யாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவள் குடங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். வண்டி எடுக்க அவள் எனக்கு உதவி செய்தாளா என்று ஏட்டய்யா கேட்டார். குடத்தை அவள் தன் சௌகரியத்துக்கு எடுத்து வைத்தாள், எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை, அவளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பதில் சொன்னேன்.

நான் பூட்டை உடைக்கவில்லை. ஓடவும் இல்லை, என்னால் ஓட முடியாது. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்து, பகல் வெளிச்சத்தில், தெருவில் நாலு பேர் பார்க்க ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒன்றரை மணிக்கு மகாராஜபுரம் பள்ளியில் மதிய வருகைக்குக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் 18ஆம் தேதி காலை பத்தரை மணிக்குக் காவலர்கள் வகுப்புக்கே வந்து, வண்டி திருட்டுப் புகார் வந்திருப்பதாகச் சொல்லி வண்டியைக் கைப்பற்றினார்கள். புகார் கொடுத்தது சோலைராஜ் என்று நினைத்தேன். இன்று இங்கே வந்த பிறகுதான் புகாரில் உள்ள கையெழுத்து என் கணவருடையது என்று தெரிந்துகொண்டேன். அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தம்பி சொல்லிக் கொடுக்க அண்ணன் போட்டிருப்பார். போட்டது அவர் கைதான்.

இன்ஸ்பெக்டர் அய்யா என்னை உட்காரச் சொல்லி, "ஏம்மா, படிச்சவங்க நீங்க. ஒரு ஸ்கூட்டருக்காகக் குடும்பத்தை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டாரலாமா? அம்புட்டுப் பெறுமா அந்த வண்டி?" என்று கேட்டார். இரண்டு காலும் நல்லா இருக்கிறவர்களுக்குப் பெறாது, அவர்கள் மொபெட் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். எனக்கு அந்த வண்டி கையில் இருந்த ஒன்றேகால் வருடம் ரோட்டில் போகிற எந்த ஆம்பளையையும் நான் கூப்பிடவில்லை, யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, யாரும் என்னைத் தொடவில்லை, இதைக் கடையில் விற்றால் என்ன விலை போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

வண்டியை என் மனப்பூர்வமாகக் கொழுந்தனாருக்கு விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக என் கணவர் வெளி பெஞ்சில் இருந்து சொல்லி அனுப்பினார். எழுதிக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக, வண்டியை உரிமையாளரின் சம்மதம் பெற்று எடுத்தீர்களா என்று ஏட்டய்யா கேட்டார். பெற்றுத்தான் எடுத்தேன் என்றேன். எந்த உரிமையாளர் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் அதை எழுதிவிட்டு, ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இது நிற்காதம்மா என்று சொல்லி அந்த ஒரு வரியைக் கோடு போட்டு அடித்தார். எழுதியதில் அடித்தல் திருத்தல் இருந்தால் வாக்குமூலம் கொடுத்தவர் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும் என்பதால், அந்த இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் யாரும் வாசித்துக் காட்டவில்லை, நானே எழுத்துக்கூட்டாமல் முழுவதும் வாசித்தேன். நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள், சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்த பிறகும் அந்த வரி நன்றாக வாசிக்க வருகிறது. அதுவும் உண்மை என்பதற்காகவே அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்காமல் முழுப் பெயரையும் எழுதினேன்.

(ஒப்பம்) பரிபூரணம்