கதவு சாத்தாத வீடு

இல்ல சின்னய்யா, அங்க உக்காராதீங்க. அது ஆடு படுக்கற எடம். இப்படி வாங்க, இந்த முக்காலில உக்காருங்க. ஒரு காலு ஆடும். நீங்க ஆடாம இருந்தா அதுவும் ஆடாது.

குளிருதா? குளிராம என்ன செய்யும், கதவு தெறந்து கெடக்கே. ஐயய்யோ, கைய எடுங்க! சாத்தாதீங்க சின்னய்யா. ஜனக்காவலர் வீட்டுக் கதவு. பகலோ ராத்திரியோ, மழையோ பனியோ, அது தெறந்தே இருக்கணும். எவன் அடி தாங்காம ஓடி வந்தாலும் தட்டாம கொள்ளாம நேரா உள்ள வந்துடணும். உங்க பெரிய வீடுங்கள்ல இந்தத் தொல்லை கிடையாது, அதான் மறந்துட்டீங்க. எம்மவன் நுமெரியுஸ ஜனங்க காவலரா நிறுத்தின அன்னிக்கித் தெறந்த கதவு இது. பனிக்காலம் பூரா இதுவழியா வந்த காத்தெல்லாம் என் முட்டிக்குள்ளதான் குடியிருக்கு. வாடகை கூட தர்றதில்ல.

அவனா? வருவான், வருவான். நீங்க அவசரப்படாதீங்க. வெயிலே இன்னும் சந்தைத் திடல்ல எறங்கலியே. இந்தாங்க, அத்திப்பழம். காய்ஞ்சதுதான். உங்கப்பா குடுத்த நெலத்துல காய்ச்சது. அப்ப உங்க பழம்தான், தயங்காம சாப்பிடுங்க.

கதவு சங்கதி சொல்லணும்னா, ஒரு நாள் மத்தியானம் கடா ஆடு ஒண்ணு விறுவிறுன்னு உள்ள வந்துச்சு. நேரா போயி எம்மவன் காலடியில மண்டி போட்டு உக்காந்துடுச்சு. பின்னாடியே கசாப்புக்காரன் கத்தியோட ஓடி வர்றான். நுமெரியுஸ் என்ன செய்வான்? காலுல விழுந்தவனக் காப்பாத்தறேன்னு எல்லாருக்கும் முன்னாடி சத்தியம் பண்ணவன். ரெண்டு காலா நாலு காலான்னு அந்த சத்தியத்துல சொல்லலியே! ஏந்து நின்னு கைய நீட்டி, தடுக்கறேன்னான். கசாப்புக்காரன் கத்திய கீழ போட்டுட்டான். அந்த ஆடுதான் இப்ப நீங்க உக்காரப் போன எடத்துல படுக்குது. எம்பொண்டாட்டி ஓப்பியா கேட்டா, அடுத்த வருஷம் இதுக்கும் ஓட்டு உண்டான்னு.

சிரிக்கறீங்க. நம்பலியா? சரி, கத்திய அவன் கீழ போடல, இடுப்புல சொருகிக்கிட்டான். மத்ததெல்லாம் நெசம்.

பொய் பேசறது எங்க குடும்பத்துல பரம்பரைச் சொத்து சின்னய்யா. எங்க பாட்டன் என்னை விட மோசம். ராசாவத் தொரத்தின அப்புறம் உங்க ஆளுங்க, மன்னிக்கணும், பெரியவங்க, எல்லா நாற்காலிலயும் அவங்களே உக்காந்துக்கிட்டாங்க இல்ல? ஊர ஆள்ற கான்சல் அவங்க, பூசாரி அவங்க, எந்த நாள் நல்ல நாள்னு சொல்றதும் அவங்க. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு ஒரு நாள் ஊரு சனம் மொத்தமும் ஏந்து நடந்துச்சு. சண்டையில்ல, சத்தமில்ல. ஊர விட்டு வெளிய போயி, குன்று மேல ஏறி உக்காந்துக்கிச்சு. மாவரைக்க ஆளில்ல, செருப்பு தைக்க ஆளில்ல. எங்க பாட்டன் சொல்லுவாரு, பசி தாங்காம சபைப் பெரியவரு, செனட்டர் ஒருத்தர், ஊதா கரை வச்ச அங்கியோட, கெடாகிட்ட பால் கறக்க உக்காந்தாராம். ரொம்ப நேரம் பொறுமையா கறந்தாராம். கெடாவும் பொறுமையாத்தான் நின்னுச்சாம், பெரிய மனுஷனாச்சேன்னு.

அன்னிக்கி பெரியவங்க எறங்கி வந்து கெஞ்சி, பேசி முடிச்சுக் குடுத்ததுதான் இந்தக் காவலர் பதவி. காவலர் மேல எவனும் கை வைக்கக் கூடாது. வச்சா அவன் தலை சாமிக்குச் சொந்தம், எவன் வேணா வெட்டலாம். கான்சல் ஒருத்தன இழுத்துட்டுப் போனாலும் காவலர் நடுவுல நின்னு தடுக்கறேன்னா, அவ்வளவுதான். நின்னாகணும்.

உங்களுக்குத் தெரியாததா. தெரிஞ்சதால்தானே விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்திருக்கீங்க.

ம்? ஆமா, நெனப்பிருக்கு. நேத்துக் காலையில உங்கப்பா சொன்னது ஒரு வார்த்தை மறக்கல. வழக்கம் போல கும்பிடு போட வாசல்ல நின்னேன். முப்பது நாப்பது பேரு நிக்கிறோம், என்னை மட்டும் உள்ள கூப்பிட்டாரு. இந்த வயசு வரைக்கும் அந்த வாசலத் தாண்டி நான் போனதில்ல. உங்க வீட்டுத் தரை என்ன வழவழப்பு! கூழு கொட்டினா நக்கிக் குடிக்கலாம்.

உக்காரச் சொல்லல. அது கெடக்கட்டும், அவர் உக்காரச் சொல்லியிருந்தா எனக்கு உக்காரத் தெரிஞ்சிருக்காது.

பூபியுஸ், நாளைக்குக் கான்சல் படைக்கு ஆள் எடுக்கறார்னாரு. தெரியுங்கய்யான்னேன். உன் மகன் நடுவுல வந்து தடுக்கப் போறானாமேன்னாரு. அவன் மேல எங்க கை படக் கூடாது, ஆனா ஒருத்தர் கை படலாம், அது எந்தச் சட்டத்துக்கும் மேலன்னாரு. யாரு கைங்கய்யான்னேன், தெரியாத மாதிரி. பெத்தவன் கைதான்னாரு.

நெசம்தானே. நம்ம ஊருல அப்பன் உசுரோட இருக்கற வரைக்கும் மகன் அப்பன் கைக்குள்ளதான். அவனுக்கு நாப்பது வயசாகட்டும், தாடி நரைக்கட்டும். அவன் சம்பாத்தியம் அப்பனுது, அவன் புள்ளைங்க அப்பனுது, அவன் உசுரே அப்பனுது. நான் போகாதேன்னா போகக் கூடாது. மேடையில நின்னு பேசிக்கிட்டிருந்தாலும் எறங்குடான்னு சொன்னா எறங்கணும். கான்சலா இருந்தாலும் இதே கதிதான்.

உன் கைக்குள்ள இருக்கற மகன நிறுத்திக்க. இது என் உத்தரவு. இல்லன்னா என் நெலத்துல உன் ஏரு ஓடாதுன்னாரு. அவ்வளவுதான். கோபமா கூட சொல்லல. பல்லு குத்திக்கிட்டே சொன்னாரு.

இல்ல சின்னய்யா, அவரு மேல எனக்கு வருத்தம் இல்ல. ஒரு பஞ்சத்துல உங்க தாத்தா எங்களுக்கு ஒரு மூட்டை பயறு அனுப்பலன்னா இன்னிக்கி நான் இல்ல. உங்கப்பா நம்பிக்கைக்கு நான் துரோகம் செஞ்சா, சாமி என்னைச் சும்மா விடாது. அவரு சொல்ல நான் தட்டல. தட்டவும் மாட்டேன். இத அவருகிட்ட போயி அப்படியே சொல்லணும் நீங்க.

ஓப்பியா, யாரும்மா உள்ள கூழு குடிக்கறது? நாயா? வெரட்டும்மா. கதவு தெறந்தா நியாயம் மட்டுமா உள்ள வரும்.

என்ன கேட்டீங்க? சத்தமா? அது ஒண்ணுமில்ல, பின்னாடித் தெருவுல கழுதை. எங்க கழுதைங்களுக்கு நூறு பேரு தொண்டை.

நம்ம பக்கத்து வீட்டுக் குயவன் விபியுஸத் தெரியுமா? தெரிஞ்சிருக்காது. அவன் செஞ்ச சட்டியில உங்க வீட்டுல பயறு வெந்திருக்கும். அவனுக்கு மூணு பசங்க. போன வருஷம் மலைக்காரங்களோட சண்டைக்கு ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு கேடயம் திரும்பி வந்துச்சு. மூணாவது பையன் பேர இன்னிக்கிக் கூப்பிடுவாங்க. அவன் போயிட்டா மண்ணு மிதிக்க ஆளில்ல, சூளைக்கு விறகு போட ஆளில்ல, விபியுஸ் கண்ணும் மங்கிப்போச்சு. நுமெரியுஸ் அந்தப் பையனுக்குத்தான் முதல்ல கைய நீட்டறதா இருந்தான்.

கண்ணு மங்கினாலும் அந்த விபியுஸுக்கு ஒரு கிறுக்கு. திடல்ல வெண்கலப் பலகையில சட்டத்த அடிச்சு மாட்டினாங்களே, பன்னெண்டு பலகை, அது முன்னாடி போயி மூக்கு முட்ட நின்னு படிப்பான். நாங்கெல்லாம் அதும் நெழல்ல உக்காந்து வெங்காயம் விப்போம், அவன் படிப்பான். வந்து ராத்திரி பூரா ஒப்பிப்பான். பக்கத்து மரத்துப் பழம் உன் பக்கம் விழுந்தா யாருது. எழவு வீட்டுல பொம்பளைங்க கன்னத்தப் பிறாண்டிக்கக் கூடாது. அப்பன் மகன மூணு தரம் வித்தா மகன் அப்பன் கைய விட்டுப் போயிடுவான். எலும்பு ஒடச்சா என்ன தண்டம். இப்படி ஒண்ணா ரெண்டா. தூக்கத்துல கூட சொல்லுவான்.

மகன விக்கறது ஒண்ணும் அதிசயமில்லையே, மொகத்த ஏன் சுளிக்கறீங்க? உங்க பக்கம் நெலத்த விப்பீங்க. எங்க பக்கம் என்ன இருக்கு விக்க? பஞ்ச வருஷத்துல நுமெரியுஸ கொல்லங்கிட்ட வித்தேன், துருத்தி மிதிக்க. தராசு வச்சு, அஞ்சு சாட்சி வச்சு, முறையாத்தான். அழுதுக்கிட்டே போனான். ரெண்டு அறுவடை ஆச்சு, கொல்லன் விடுவிச்சான், கையில கரியோட என் கைக்குள்ள திரும்பி வந்துட்டான். அப்புறம் ஆத்து வெள்ளம் வீட்டக் கொண்டு போனப்ப ஓட்டுச் சூளைக்காரங்கிட்ட இன்னொரு தரம். இதோ மேல இருக்கே ஓடு, அது எம்மவன். அப்ப அழல. மீசை வந்துடுச்சு. அவனும் விடுவிச்சான், திரும்பவும் என் கைக்குள்ள. கன்னுக்குட்டி மாதிரி. எங்க ஓட்டினாலும் சாயங்காலம் தொழுவத்துக்கு வந்துடும்.

அட, உக்காருங்க. எங்க ஏந்திரிக்கறீங்க? உள்ளயா? உள்ள எங்க இருக்கான் அவன். ஓப்பியாவும் நாயும்தான்.

ஆமா. திடலுக்குத்தான் போயிருக்கான். விடியறதுக்கு முன்னாடியே. நீங்க கேட்டது கழுதைச் சத்தம் இல்ல. மன்னிக்கணும், பரம்பரை வியாதி.

கத்தாதீங்க சின்னய்யா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. என்னையும் இழுத்துட்டுப் போயி என்ன செய்வீங்க? எறங்குடான்னு நான் கத்துவேன். ஊரு சிரிக்கும். யாரு பெத்த புள்ளய யாரு எறங்கச் சொல்றதுன்னு.

நான் சொல்றத முழுசா கேளுங்க. நேத்து உங்க வீட்டுலேருந்து வந்தேன். அவங்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கூழு குடிச்சிக்கிட்டிருந்தான். கிண்ணத்தக் கீழ வச்சான். அப்பா, நீ போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு, வாசப்படியத் தாண்ட மாட்டேன்னான். பாவிப்பய. நாப்பது வயசு, ஊருக்கே காவலரு, என் மொகத்தப் பாக்கறான். அப்படி வளத்துத் தொலைச்சிருக்கேன். எதுத்துப் பேசியிருந்தா எனக்கு வேலை சுளுவாப் போயிருக்கும்.

போகாதேன்னா விபியுஸ் பையன் சண்டைக்குப் போவான். போடான்னா உங்கப்பா சொல்ல மீறினவன் ஆவேன். அப்புறம் ஏந்து போயி விபியுஸக் கூட்டிட்டு வந்தேன். தராசு பிடிக்க ஒருத்தன், சாட்சிக்கு அஞ்சு பேரு. இதே எடத்துல, பகல்ல, கதவு தெறந்து கெடக்க. விபியுஸ் ஒரு கையால எம்மவன் தோளப் பிடிச்சான், இன்னொரு கையில இருந்த செப்புத் துண்டால தராசத் தட்டினான். சின்ன சத்தம். டிங்குன்னு. ஆடு கூட திரும்பிப் பாக்கல.

அது மூணாவது தரம் சின்னய்யா.

சாயங்காலமே விபியுஸ் அவன விடுவிச்சுட்டான். பலகையில அடிச்சபடி, இந்தத் தரம் கன்னு திரும்பி வர தொழுவம் இல்ல. அவன் இப்ப எவன் கைக்குள்ளயும் இல்ல. போயி உங்கப்பாகிட்ட சொல்லுங்க, பூபியுஸ் சொல்லு தவறல. உன் கைக்குள்ள இருக்கற மகன நிறுத்துன்னாரு. இருந்தா நிறுத்தியிருப்பேன். தேடிப் பாருங்க, எனக்கு மகன் இல்ல.

பஞ்சத்துல அழுதவன் நேத்துத்தான் திரும்ப அழுதான். தாடியெல்லாம் நனைய. வீட்டுச் சாமிக்கு முன்னாடி கும்பிடலாமான்னு எங்கிட்ட கேட்டான், அசலூரான் மாதிரி. அது இனி அவன் சாமி இல்லையே. நான் செத்தா கண்ண மூடி விட, குழிக்குப் பாலூத்த, பேரச் சொல்லிக் கூப்பிட சட்டப்படி ஆளில்ல. ஓப்பியா நேத்துலேருந்து எங்கூட பேசல. நாய்கிட்டதான் பேசறா.

நெலமா? எடுத்துக்கட்டும். பயறு பூத்திருக்கு, அறுக்கற வரைக்கும் விடச் சொல்லுங்க, பூவ உழுதா பாவம். அத்திப்பழத்த மடியில கட்டிக்கங்க, திடல் பக்கம் போகாம மேட்டு வழியா போங்க. இன்னிக்கி உங்க ஊதாக் கரையப் பாத்தா எவனாவது ஏதாவது சொல்லுவான்.

அவன் எங்க தங்கறானா? விபியுஸ் சூளைக்கு மேல ஒரு பரண் இருக்கு. அங்க. கதவே கிடையாது அதுக்கு, வசதியாப் போச்சு.

சின்னய்யா, ஒரு நிமிஷம். போறப்ப இந்தக் கதவச் சாத்திட்டுப் போங்க. அட, சும்மா சாத்துங்க, இனிமே இது காவலர் வீடு இல்ல. கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு இழுக்கணும், பனியில ஊறி நின்ன கதவு. நான் செத்த நேரம் படுக்கறேன்.